இருபத்தைந்து அடி

இந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. முன்பெல்லாம் பிரபுவின் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றால் ஒன்று திட்டு விழும், இல்லை கேட்டது கிடைக்கும். இப்போது நாற்காலி போடுகிறார்கள். காரியம்தான் நடப்பதில்லை.

எங்கள் பிரபு வார்கோனி, போஜோன் நகரத்துச் சட்டசபையில் பேசுகிறவர், புத்தகம் எழுதுகிறவர். குடியானவனை அடிப்பது பாவம் என்று ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். நான் எழுத்துக்கூட்டி அரைப் பக்கம் படித்தேன், அதற்குமேல் ஓடவில்லை. போன வசந்தத்தில், முற்றத்தில் கிடந்த, ஆளைக் குப்புறப் படுக்கவைத்து அடிக்கும் சவுக்கடிப் பலகையைப் பிளந்து அடுப்பில் வைக்கச் சொன்னார். இனி யார் தப்பு செய்தாலும் அடி கிடையாது, மாவட்ட நீதிபதியிடம் அனுப்புவதுதான் என்றார். நாங்களும் கைதட்டினோம்.

என் மகன் அம்ப்ரூஷ் வண்டி அச்சுக்காக அவர் காட்டில் ஒரு ஓக் மரத்தை வெட்டிவிட்டான். பழைய நாளாயிருந்தால் இருபத்தைந்து அடி. மூன்று நாள் குப்புறக் கிடப்பான், நாலாம் நாள் அரிவாளோடு அறுப்புக்கு இறங்குவான். இப்போதோ பூட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை நீதிபதியிடம் வண்டி போகிறது. மூன்று மாதம் நிச்சயமாம். கோதுமை முற்றி நிற்கிறது. எனக்கு இடுப்பு வளையாது. மருமகள் நிறைமாதம்.

பிரபுவிடம் போய் நின்றேன்.

“எசமான், பையனை அடிச்சு அனுப்பிடுங்க.”

பேனாவைக் கீழே வைத்தார். “என்ன பெரியவரே! பெத்த பிள்ளைய அடிக்கச் சொல்லி யாராவது கேப்பாங்களா?”

“நான் கேக்கறேன். வேணும்னா முப்பதாப் போடுங்க. முதுகு ஆறிடும். கோதுமை உதிர்ந்தா போனதுதான்.”

வாசலில் நின்ற காரியஸ்தர் சிரித்தார். “பலகையத்தான் எரிச்சாச்சே கிழவா. உன் முதுகு மேல படுக்க வெச்சு அடிக்கறதா?”

பிரபு அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“அப்ப மன்னிச்சு விட்டுடுங்க” என்றேன்.

“என் வாய்ச்சொல்லால இன்னிக்கு ஒருத்தனை விட்டா, நாளைக்கு அதே வாய்ச்சொல்லால ஒருத்தனை அடைக்கவும் செய்யலாம். அதைத்தானே ஒழிக்கப் பாக்கறேன்?”

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குத் தலை சுற்றியது.

அவருக்கும் முகம் வாடிவிட்டது. அறைக்குள் இரண்டு முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “காரியஸ்தரே, நாலு பேரை இவர் வயலுக்கு அனுப்புங்க. எனக்கு அவங்க செய்ய வேண்டிய கட்டாய வேலை நாள்ல கழிச்சுக்கலாம்.”

காரியஸ்தர் பெயர்களைச் சொன்னார். முதல் பெயர் பக்கத்து வீட்டு வின்ட்சே.

“அவன் கோதுமையும் முத்தித்தானுங்க நிக்குது. அதை யாரு அறுக்கறது?”

பிரபு மறுபடி பேனாவை எடுத்தார். “அதை... யோசிக்கணும். எழுதணும்.”

“எழுதுங்க. ஆள் வேண்டாமுங்க. நான் வின்ட்சே முகத்துல முழிக்கணும்.”

படியிறங்கினேன். பிரபு பின்னாலேயே வந்து ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் என்று ஊரே சொல்கிறது. எனக்கு இன்னும் பிடிபடவில்லை. திரும்பிப் பார்க்காமல் வயல் பக்கம் நடந்தேன்.