பூஜ்யத்தில் நின்ற முள்

ஐஸ் ஃபேக்டரி முதலாளியின் மருமகன் மேனேஜராகப் பொறுப்பேற்றதும் முதல் காரியமாகத் தன் அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டார். அடுத்து, தண்ணீர் டின் ஒன்றுக்குள் முள் வைத்த பெரிய வெப்பமானியைத் தொங்கவிட்டு, இனி வேலைக்கு அந்த முள்தான் சாட்சி என்று அறிவித்தார்.

பதினெட்டு வருடமாக மெஷின் ஓட்டும் ஆபரேட்டருக்கு வினை அந்த முள் வடிவில் வந்தது. காலை ஆறு மணிக்கு டின்களை உறைகுளிர் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால், பத்து மணிக்குள் முள் இருபத்தெட்டிலிருந்து மளமளவென்று பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் மாலைவரை, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல, இருந்த இடத்தைவிட்டு அசையாது.

மருமகன் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் மெமோ வந்தது: பத்து மணிக்குமேல் வேலை எதுவும் நடைபெறவில்லை, வார இறுதிக்குள் தக்க விளக்கம் இல்லையேல் பணிநீக்கம்.

ஆபரேட்டருக்கு வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் படிக்கும் மகள்கள் இருவர். கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

"சார், முள்ளு நிக்குதுன்னா வேலை நிக்கலை. பூஜ்யத்துல இருக்கிற தண்ணி, அதே பூஜ்யத்துல ஐஸா மாறணும். உள்ளுறை வெப்பம்னு ஸ்கூல்ல..."

"ஸ்கூல்ல நிறைய சொல்லுவாங்க. பூஜ்யத்துல தண்ணி ஐஸாகும். முள்ளு பூஜ்யத்துக்கு வந்தாச்சு. அப்ப ஐஸ் ஆயாச்சு. அப்புறம் எட்டு மணி நேரம் யாருக்காக ஓட்டுறீங்க?"

"எண்பது டிகிரித் தண்ணியப் பூஜ்யத்துக்கு இறக்குற அளவு உழைப்பு இன்னும் பாக்கி இருக்கு சார்."

"அதை முள்ளுல காட்டுங்க பாப்போம்."

காட்ட முடியாது. சிக்கலே அதுதான்.

மறுநாள் பத்து அடித்ததும் மருமகனே வந்து மெஷினை நிறுத்தினார். ஆபரேட்டர் பதிவேட்டைத் திறந்து நீட்டினார்.

"நிறுத்துனவங்க கையெழுத்துப் போடணும் சார். முதலாளி வெச்ச பழக்கம்."

மருமகன் பச்சை மையில் கையெழுத்திட்டு, கீழே ஒரு வரியும் சேர்த்தார்: எட்டு மணி நேர விரயம் ஒழிக்கப்பட்டது.

மாலை ஆறு மணிக்கு மீன் சந்தை லாரி வந்தது. மாப்பிள்ளையின் சாதனையைக் காண முதலாளியும் வந்திருந்தார். முதல் டின்னைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். விரல் கனத்துக்கு ஓர் ஐஸ் ஓடு வழுக்கி வந்து உடைந்தது. அதற்குள் இருந்த தண்ணீர் முழுதும் மருமகனின் புது ஷூவுக்குள் குடியேறியது.

"மாமா, முள்ளப் பாருங்க. இப்பவும் பூஜ்யம்தான் காட்டுது."

லாரி டிரைவர் தலையைச் சொறிந்தார். "தண்ணி லோடுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா டேங்கர் கொண்டாந்திருப்பேனே."

முதலாளி பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். பச்சை வரியை இரண்டு முறை வாசித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஆபரேட்டருக்கு அந்த முகம் பழக்கம்: வெளியே ஒன்றும் தெரியவில்லை என்றால் உள்ளே பெரிய வேலை நடக்கிறது.

"மாப்ளைக்கு ஒரு பதவி உயர்வு குடுத்துற வேண்டியதுதான்" என்றார் முதலாளி, மெதுவாக.

மறுநாள் மெமோ குப்பைக்கூடைக்குப் போனது. மருமகன் வெப்பமானிப் பிரிவின் தலைவரானார். கண்ணாடிக் கதவு அவருக்கே. மெஷின் அறைச் சாவி ஆபரேட்டரின் இடுப்பில். பத்து மணிக்குமேல் மணிக்கொரு முறை ஆபரேட்டர் போய், "பூஜ்யம் சார்" என்பார்.

தலைவர் பச்சை மையில் டிக் அடிப்பார். "குட். அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க."