கொடி தூங்கட்டும்

தூங்க வைத்திருந்த கொடிக்கு யாரோ தண்ணீர் விட்டிருந்தார்கள்.

நான்சி குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது வரிசை முழுக்க ஈரம். பக்கத்து வரிசையில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காய்ந்த சணப்புத் தட்டை காலில் குத்தியது. இங்கே மட்டும் விரல் வெண்ணெய்க்குள் போவது மாதிரி உள்ளே போனது. அந்த வருசம் கோடை மழையும் ஏமாற்றிவிட்டதால் வானத்தின் மேல் பழி போடவும் வழியில்லை.

தலைக்கு மேலே, கல்தூண்களில் இழுத்துக் கட்டிய கம்பியில் திராட்சைப் பந்தல். மற்ற வரிசைகளில் இலைகள் மஞ்சளாகி, காற்றே இல்லாதபோதும் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்து இறங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது வரிசை மட்டும், பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி பச்சை முகத்தோடு முழித்துக்கொண்டு நின்றது.

அவள் விரலில் ஒட்டிய சேற்றை முந்தானையில் துடைத்தாள்.

சிறுமலை அடிவாரத்தில் பன்னீர் திராட்சைக்குத் தூக்கம் என்பதே கிடையாது. இரண்டு வருசத்துக்கு ஐந்து மகசூல். பழத்தை இறக்கிய கையோடு குச்சிகளை நறுக்கிக் கவாத்து, கவாத்து முடிந்த கையோடு தண்ணீர். நான்சி மருந்தடிப்பை நிறுத்திச் சில வருசம் ஆகிறது. பந்தலுக்கடியில் ஆட்டுக்கிடை, வரிசைக்கு நடுவே தழையுரத்துக்குச் சணப்பு, தப்பித்தவறி பூஞ்சை வந்தால் சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்த கரைசல், அவ்வளவுதான். தேனீக்கள் திரும்பி வந்திருந்தன. அதைக் கேள்விப்பட்டுத்தான் கம்பம் பக்கத்து ஒயின் கம்பெனியிலிருந்து தீபா தேடி வந்தாள். வேடசந்தூர் மில் தொழிலாளியின் மகள். ஒயின் செய்யப் படித்தவள். நான்சியின் பழத்தில் கொஞ்சம் வாங்கிப்போய்ச் சோதனைக்கு ஒயின் செய்து கொண்டுவந்தாள்.

முதல் மடக்கில் நான்சிக்குக் கண் மூடிக்கொண்டது. மூக்குக்குள் பன்னீர் ரோஜா மலர்ந்தது. பின்னாலேயே நாவல்பழத் துவர்ப்பு. அதற்கும் பின்னால் ஏதோ ஒன்று, மழைக்கு முந்தின மண் மாதிரி, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது. பாட்டுக்கு நடுவில் ரேடியோவைப் பிடுங்கினாற்போல வாய்க்குள் ஒன்றுமில்லை.

"கொடிக்கு அலுப்புக்கா," என்றாள் தீபா. "பனி விழுகிற ஊர்ல அது மாசக்கணக்கா தூங்கும். இங்க தூங்க விட்டாத்தானே?"

அவள் சொன்ன வைத்தியம் இதுதான். ஈஸ்டரிலிருந்து ஜூன் நடுவில் வரும் அந்தோணியார் திருநாள் வரைக்கும் கொடிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. ஒரு மகசூல் போனாலும் போகட்டும். இலை முழுக்க உதிர்ந்து தோட்டம் மொத்தமும் ஒன்றாகத் தூங்க வேண்டும், ஒன்றாக விழிக்க வேண்டும். பாதி தூங்கிப் பாதி விழித்தால் பூவும் முன்னே பின்னே வரும், பழமும் முன்னே பின்னே பழுக்கும். அதில் நல்ல ஒயின் வராது. கம்பெனி வேறு தோட்டம் பார்த்துக்கொள்ளும்.

கம்பெனி போனால் போகட்டும், மார்க்கெட் இருக்கிறது. நான்சியை ஆட்டிவைத்தது வேறு. அந்த எட்டிப் பார்த்த மணத்தின் மீதி என்னவென்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கனவில்கூட அந்தக் கதவு வந்தது. கைப்பிடியைத் தொடுவாள், விழிப்பு வந்துவிடும்.

இப்போது யாரோ அதை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள்.

சந்தேகம் நேராகக் கொழுந்தன் ஞானராஜ் மேல் போனது. கிணறு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஒரே மோட்டார், மும்முனை கரண்ட் வந்தால் தானாக ஓடும். தண்ணீர் ஞானராஜின் தோட்டத்துக்கா, இவர்கள் பந்தலுக்கா, பின்னால் இருக்கும் தென்னைக்கா என்பதை மூன்று வால்வுகள் முடிவு செய்யும். கொடியைத் தூங்க வைக்கப்போவதாக அவள் சொன்ன அன்றைக்கு ஊர் கேட்கச் சிரித்தவன் ஞானராஜ்தான்.

"ஈஸ்டர் முடிஞ்சு நாங்கள்லாம் கறி திங்கிறோம். உங்க கொடிக்கு மட்டும் இப்பத்தான் தவக்காலமா, மதினி?"

போய்க் கேட்டதற்கு, தன் பக்கம்தான் தண்ணீர் குறைகிறது என்று அவனே சண்டைக்கு வந்தான். நல்ல நடிகன் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள்.

வெயில் காலத்தில் அவள் புருசன் ஜெரோம் பந்தலுக்கடியில்தான் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பான். அன்று அசந்துவிட்டதாகச் சொன்னான். இனிமேல் இமை மூடாமல் காவல் இருப்பதாக வாக்குக் கொடுத்தான். அடுத்த வாரமே மறுபடி ஈரம். அதே மூன்றாவது வரிசை. செத்த நேரம்தான் கண்ணயர்ந்தேன், ஒரு குஞ்சும் உள்ளே வரவில்லை என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்தான்.

நான்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். கணுக்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது.

அன்றிலிருந்து சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துபோனாள். திருட்டுத்தனமாகத் தண்ணீர் விட்டதைக்கூட மன்னித்திருப்பாள். பச்சைக் கொடி காய்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சத்தியம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது தீபாவின் ஜீப் பந்தலோரம் நின்றது. அவள் மூன்றாவது வரிசையில் மண்டியிட்டு ஒரு குச்சியின் கணுவை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். மொட்டு பருத்திருந்தது.

"இன்னொரு தடவை நனைஞ்சா இது முழிச்சிரும்க்கா. அப்புறம் இந்த வருசம் நம்ம கதை முடிஞ்சது."

இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தாள். கம்பெனியின் மற்ற ஒயின்களை நம் ஊர்ச் சாப்பாட்டோடு வைத்துப் பார்ப்பதென்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். பக்கத்துத் தெரு மெஹராஜ் சீரக சம்பா பிரியாணியைச் சட்டியோடு இறக்கினாள். கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறவள். ஒயின் பக்கம் தலை வைத்தும் படுக்காதவள். குடிக்கிறவர்கள் மூஞ்சியைப் பார்த்தே ஜோடி சேர்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று எதிரே உட்கார்ந்துகொண்டாள். ஜெரோம் வற்புறுத்தியதால் ஞானராஜும் வந்திருந்தான். நான்சி அவனுக்கும் இலை போட்டாள்.

சிவப்பு ஒயினும் மிளகு தூக்கலான பிரியாணியும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பேர் மாதிரி வாய்க்குள் முட்டிக்கொண்டன. துவர்ப்பு கசப்பானது, காரம் நெருப்பானது. ஞானராஜின் முகம் கோணியதைப் பார்த்து மெஹராஜ், "இது தலாக்," என்றாள். பனிக்கட்டியில் வைத்திருந்த இளஞ்சிவப்பு ஒயினை ஊற்றினார்கள். அரிசியில் இருந்த தயிரும் எலுமிச்சையும் அதை அடையாளம் கண்டுகொண்டு வழிவிட்டன. காரம் குளிர்ந்து, மசாலாவுக்கு அடியில் ஒளிந்திருந்த புதினா மேலே வந்தது. விரட்டிய சிவப்பை மறுபடி கூப்பிட்டது ஈரல் வறுவல்தான். ஈரலின் இரும்பு வாசமும் ஒயினின் நாவல் துவர்ப்பும் சேர்ந்தபோது ஞானராஜ் டம்ளரை மறுபடி நீட்டினான். கடைசியில் சிறுமலை வாழைப்பழத்தோடு ஒரு வெள்ளை ஒயின். புளிப்பும் தேனும் ஒன்றையொன்று துரத்தி மூக்கின் வழியாக வெளியேறின.

மஞ்சள் இலைகள் சட்டி மேலும் தோள் மேலும் இறங்கிக்கொண்டிருந்தன. வெயில் பந்தலின் ஓட்டைகள் வழியாகக் காசு காசாகச் சிந்தியது. எல்லாருடைய குரலும் தூரத்திலிருந்து வருவது போல நான்சிக்குக் கேட்டது. இவ்வளவு மணங்களுக்கும் நாக்கில் நீண்டு நிற்கும் வால் இருக்கிறது. என் பழத்துக்கு மட்டும் இல்லாமல் போகப்போகிறது. அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஜெரோம் எப்போதோ கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான்.

அந்த வாரம் மும்முனை கரண்ட்டின் முறை ராத்திரியிலிருந்து பகலுக்கு மாறியிருந்தது. எங்கோ ஒரு மோட்டார் உறுமியது. தொடர்ந்து இன்னொன்று. நிமிசத்தில் அடிவாரம் முழுக்க வண்டுக்கூட்டம் எழுந்தது மாதிரி ரீங்காரம். கிணற்றடியில் இவர்கள் மோட்டாரும் ஓட ஆரம்பித்தது.

ஜெரோம் எழுந்து உட்கார்ந்தான்.

வேட்டியை மடித்துக் கட்டினான். யாரையும் பார்க்கவில்லை. இலைகளுக்கும் டம்ளர்களுக்கும் நடுவே ஒன்றையும் மிதிக்காமல் நடந்து போனான். "அண்ணே, எங்க?" என்று ஞானராஜ் கேட்டது அவன் காதில் விழவே இல்லை.

நான்சி எழுந்து ஓடி அவன் முகத்தைப் பார்த்தாள். கண் பாதி திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை.

"தூங்குறாரு," என்றாள் தீபா, காற்றைவிட மெதுவாக. "தொட்டு எழுப்பிறாதீங்க."

அவன் பந்தல் வால்வைத் திறந்தான். குழாய் இருமித் தண்ணீர் வந்தது. மூன்றாவது வரிசையின் வாய்மடையை அடைத்த மண்ணைக் காலாலேயே வெட்டிவிட்டு, தண்ணீருக்கு முன்னால் நடந்தான், கன்றுக்குட்டியை வழி நடத்துகிறவன் போல. கல்யாணமான வருசம் அவன் முதன்முதலில் நட்ட வரிசை அது. ஒரு கொடியின் அடித்தண்டைத் தடவிக் கொடுத்தான்.

"செத்த பொறு ஆத்தா. இந்தா, வந்துருச்சு."

ஞானராஜ் சிரிக்க வாயெடுத்தவன் அப்படியே மூடிக்கொண்டான். மெஹராஜ் முந்தானையால் வாயைப் பொத்தினாள். முப்பது வருசமாகக் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது எழுந்து தண்ணீர் கட்டிய உடம்பு. பகலென்றும் பாராது, ராத்திரியென்றும் பாராது. மனசு கொடுத்த வாக்கு கைகாலுக்கு எட்டவில்லை.

தண்ணீர் நாலாவது கொடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் வரிசை விழித்துவிடும். எழுப்பினால் சத்தியம் செய்த மனுசன் இத்தனை பேர் முன்னால் உடைந்து போவான்.

நான்சி அவன் சுண்டுவிரலைப் பிடித்தாள். இழுக்கவில்லை, திருவிழாக் கூட்டத்தில் பிடிப்பது போல லேசாகப் பிடித்தாள். அவன் திரும்பினான். அவள் நடந்தாள், அவனும் நடந்தான். கிணற்றடிக்கு வந்ததும் தன் கையாலேயே பந்தல் வால்வை மூடினாள். அவன் உள்ளங்கையை எடுத்துத் தென்னை வால்வின் மேல் வைத்தாள். விரல்கள் இரும்பை அடையாளம் கண்டு தாமாகத் திருகின. தென்னைக்குப் போகும் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதும் அவன் தோள் தளர்ந்தது. வேலை முடிந்தது. கட்டிலுக்குத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்ந்தான்.

யாரும் இதை அவனிடம் சொல்லக் கூடாது என்று நான்சி கேட்டுக்கொண்டாள். ஞானராஜ் வெகுநேரம் தலையைச் சொறிந்தான்.

"என் தோட்டத்துத் தண்ணிதான் தென்னைக்குப் போகுது, மதினி. போகட்டும். ஆனா என்னையத் திருடன்னீங்க பாருங்க, அதுக்கு ஒரு வேளை ஈரல் வறுவல்."

ஜெரோம் விழித்தபோது காலில் சேறு. குழம்பிப்போய்ப் பார்த்தான். நான்சி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலடியில் உட்கார்ந்து கழுவிவிட்டாள்.

"என்னடி, சாமியார் கால் கழுவுற பெரிய வியாழன் போய் எம்புட்டு நாளாச்சு?"

"உங்களை நம்பாமப் போயிட்டேங்க."

ஏன், எதற்கு என்று அவன் கேட்டான். அவள் விரலிடுக்குச் சேற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று முதல் இரண்டு கட்டில்கள். வெயிலுக்கு எனக்கும் வீட்டில் படுக்க முடியவில்லை என்று அவள் சொன்னது பொய்யும் இல்லை. மோட்டார்கள் ரீங்கரிக்கத் தொடங்கியதும் அவன் எழுவான். அவள் சுண்டுவிரலைப் பிடிப்பாள். சருகு மெத்தையில் இருவரும் சத்தமில்லாமல் நடந்து போவார்கள். சில நாள் அவன் ஏதாவது பேசுவான், தென்னையிடமோ அவளிடமோ தெரியாது. அவளும் ஏதாவது பதில் சொல்வாள். பகலில் இருபது வருசமாகப் பேசாத பேச்செல்லாம் அந்த நடையில் வந்து போனது. ஒரு மாதத்தில் பந்தல் முழுக்க உதிர்ந்து, கம்பிகளுக்கு மேலே வானம் அப்படியே திறந்து கிடந்தது.

அந்தோணியார் திருநாளுக்கு முந்தின நாள் தீபா வந்தாள். மூன்றாவது வரிசைக்கு நேராகப் போய் ஒரு குச்சியை நறுக்கினாள். வெட்டுவாயை உதட்டில் வைத்துப் பார்த்தாள். ஈரமில்லை. குச்சி பழுப்பேறி, பட்டை இறுகி, ஒன்றும் தெரியாமல் கிடந்தது. பக்கத்து வரிசையிலும் ஒன்றை நறுக்கினாள். அதுவும் அப்படியே.

"மொத்தமும் தூங்குதுக்கா," என்றாள், ரகசியம் போல. "நாளன்னைக்கு கவாத்து பண்ணி எழுப்பிறலாம். இந்தப் பழம் பூராவும் எனக்கு."

நான்சி தலையாட்டினாள். சத்தமாகப் பேச அவளுக்கும் மனம் வரவில்லை.

அப்போதுதான் பின்பக்கமிருந்து ஜெரோம் வேகமாக வந்தான். முகத்தில் போலீஸ்காரனின் தீவிரம். அவளைத் தனியே தூணோரம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நான்சி, நம்ம தென்னைக்கு எவனோ களவாத் தண்ணி விடுறான். வேரடி பூராம் சகதி. நான் ஒருத்தன் இங்கயே படுத்துக் கெடக்கேன், எனக்கே தெரியாம."

"அப்படியாங்க?"

"இன்னைக்கு நான் கண்ணை மூடப்போறதில்ல."

"நீங்க படுங்க," என்றாள் நான்சி. "காவலுக்கு நான் இருக்கேன்."