பாதி அப்பனுடையது

கட்டுமரங்கள் கரையேறியதும் பெண்கள் கூடைகளோடு சூழ்ந்துகொள்வது மாமல்லபுரம் குப்பத்தில் அன்றாடக் காட்சி. மீனாட்சியும் கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூடையோடு போய் நின்றாள். அவளுடைய மாமியார் ஆதியம்மாள் அந்தக் கூடையை எட்டி உதைத்தாள்.

"வெள்ளக்காரனுக்குப் பெத்தவ கை பட்ட மீன எவன்டீ வாங்குவான்? எட்டப் போ!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கட்டுமரத்தை இழுத்துக்கொண்டிருந்த புருஷன் மாரி, காதில் விழாதவன் போலக் குனிந்துகொண்டான்.

குழந்தை செய்த குற்றம், வெள்ளையாகப் பிறந்ததுதான். சுண்ணாம்பு மாதிரித் தோல். தலைமயிரும் புருவமும்கூட வெளுப்பு. வெயில் பட்டால் கண் திறக்காது. மீனாட்சி கடற்கரைக் கோயில் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சங்கு மாலை விற்றவள். குப்பத்துக்கு அது போதுமே! அதே இடத்தில் மாலை விற்று அரிசி வாங்கிய வீடுகள் எத்தனையோ. அந்தச் சோற்றைத் தின்ற வாய்கள்தான் இப்போது அவளைக் கிழித்தன. வெள்ளிக்கிழமை கங்கையம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், மறுத்தால் பிள்ளையோடு குப்பத்தை விட்டே போக வேண்டும் என்று தலைவர் எல்லப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் குழந்தையின் தோல் வெயிலில் கொப்பளித்தது. "அப்பனா வரவாணாம், பஸ்ஸுக்குத் தொணையா வா" என்று மாரியை இழுத்துக்கொண்டு மீனாட்சி செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் ரெபேக்காள் குழந்தையை நன்றாகப் பார்த்தார். பிறகு மாரியிடம் திரும்பினார்.

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?"

"வெள்ளக்காரன் புள்ளன்னு..."

"நீ என்ன சொல்றே?"

மாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெள்ளைக்காரன் பிள்ளையா இருந்தா அம்மா நிறமும் கலந்து மாநிறமா இருக்கும். முடி இப்படி வெளுக்காது, கண்ணும் இப்படி ஆடாது. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"எங்கம்மாகூடப் பொறந்தவரு மவ, டாக்டரம்மா."

"அதான். நிறம் கொடுக்கிற கூறு ஒவ்வொரு உடம்பிலயும் ரெண்டு இருக்கு. அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு. ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு நிறம் கொடுத்திடும், வெளியே தெரியாது. உன்கிட்ட ஒரு பழுது, இவகிட்ட ஒரு பழுது. ரெண்டும் பிள்ளைகிட்ட சேர்ந்துடுச்சு. சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டா இப்படிச் சேர வாய்ப்பு அதிகம். இவளுக்கு அப்பா வழியா, உனக்கு அம்மா வழியா வந்திருக்கணும்."

"அப்போ என்னுதும் இதுல இருக்குதா?"

"பாதி உன்னுது. நீ கொடுக்காம இந்தப் பிள்ளை இப்படிப் பிறந்திருக்கவே முடியாது."

திரும்பும்போது பஸ்ஸில் மாரி குழந்தையை வாங்கக் கை நீட்டினான். மீனாட்சி கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குப்பமே கோயிலில் கூடியது. ஆதியம்மாள் எரியும் கற்பூரத் தட்டை மருமகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மடில கனமில்லன்னா அணைடீ!"

மீனாட்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த மாரி, உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தான்.

"இது எம்புள்ள. பாதி எங்கிட்டேர்ந்து வந்துது. எனக்கு உன் வழியா வந்துதும்மா. தம்பி சின்னராசுக்கும் மாமன் வூட்லதான் பொண்ணுன்னு சொல்லிக்கினு கீறியே, அந்தப் பேச்ச இத்தோட வுடு. அவனாவது வெளில கட்டட்டும்."

"பெத்தவளயே சொல்றியாடா? மருந்து வச்சிட்டாளா ஒனக்கு?" என்று ஆதியம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

எல்லப்பன் தொண்டையைச் செருமினார். "சரி, புருசனே சொல்லிட்டான். வூட்டுக்குப் போம்மா."

மீனாட்சி நகரவில்லை. முதலில் மாரியைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா சொன்னப்புறம்தான் இது உனக்கு உம்புள்ள ஆச்சு. நா சொன்னது ஒனக்குப் போதல. அத நா மறக்க மாட்டேன்."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. அப்பன்கிட்ட பாதி, ஆத்தாகிட்ட பாதி வாங்கிக்கினுதான் புள்ள பொறக்குது. நல்லாப் பொறந்தா எங்க வூட்டு ஜாடைன்னு ஓடியாறீங்க. கொறையோட பொறந்தா மட்டும் பொம்பள தலைல போட்டுட்டுப் பூடுறீங்க. புள்ளைல பாதி உங்களுதுன்னா, பழிலயும் பாதி உங்களுதுதான்."