ஏழு என்று எழுதிய பக்கங்கள்

இரட்டையரில் பதினோரு நிமிடம் முந்திப் பிறந்தவள் என்பதால் வீட்டில் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். தம்பிக்குத் தலைமுடியைப் பார்த்துச் சுருட்டை என்று பெயர் விழுந்தது. சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட் வந்தபோது, வீட்டுச் சண்டையை வீட்டிலேயே முடித்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லி அறிவியல் டீச்சர் இருவரையும் ஒரே குழுவில் போட்டார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாய். வாரம் இரண்டு முறையாவது அதில் மீன் செத்து மிதந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். டீச்சர் கொடுத்த காகிதப் பட்டையைத் தண்ணீரில் நனைத்து, மாறும் நிறத்தை அட்டையில் உள்ள கட்டங்களோடு ஒப்பிட்டு எண் எழுத வேண்டும். பச்சை என்றால் ஏழு, தண்ணீரில் அமிலம் இல்லை. மஞ்சள், ஆரஞ்சு என்று போகப் போக எண் குறையும், அமிலம் கூடும். காலையில் அவள் பார்த்தாள், மாலையில் சுருட்டை. ஐந்து வாரமும் காலையில் ஏழு, மாலையில் ஏழு. மீன் மட்டும் செத்துக்கொண்டே இருந்தது.

ஆறாவது வாரம் சுருட்டைக்குக் காய்ச்சல் வந்தது. ஆறே நாள். அதற்குப் பிறகு குளியலறைக் கதவைத் தட்டிக் கத்த ஆளில்லாமல், காலையில் அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளிக்க முடிந்தது.

ஒரு மாதம் கழித்து டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "முடியலன்னா விட்டுடும்மா. மார்க்கைப் பத்தி நான் பாத்துக்கறேன்."

"முடிப்பேன் மிஸ். ப்ராஜெக்ட் அட்டையில ரெண்டு பேர் பேரும் இருக்கணும். சும்மா பேருக்கு இல்ல, அவன் செஞ்ச வேலைக்கு."

அன்று மாலை அவன் நோட்டைத் திறந்தாள். வரிசையாக ஏழு. ஓரத்தில், யாரும் எழுதச் சொல்லாத ஒரு குறிப்பு: "முலாம் பட்டறைக் குழாய் 4.10க்குத் திறந்தது, 4.35க்கு மூடியது." செவ்வாயும் வெள்ளியும், ஐந்து வாரமும், ஒரு நிமிடம் பிசகாமல். கால்வாயோரம் இருக்கும் அந்தப் பட்டறையில் இரும்பை அமிலத்தில் கழுவித்தான் முலாம் பூசுவார்கள் என்று பாடத்திலேயே இருந்தது. குழாய் கொட்டும் நேரத்தில் எடுத்த தண்ணீரும் எப்படி ஏழாக இருக்கும்?

செவ்வாய்க்கிழமை கிளம்பினாள். தனியாகப் போகக் கூடாது என்று அம்மா மாமாவைத் துணைக்கு அனுப்பினாள். அம்மாவின் தம்பி. எதற்கும் மறுப்புச் சொல்லாத மனுஷன், செருப்பு நனையாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

நாலு பத்துக்குக் குழாய் கொட்டியது. பட்டையை நனைத்தாள். நல்ல ஆரஞ்சு. அட்டையோடு சேர்த்து நீட்டினாள்.

"மாமா, இது எந்தக் கட்டம்? நீங்களும் ஒரு தடவை பாருங்க."

மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஒரு கட்டத்தில் விரல் வைத்தார். பச்சை. ஏழு.

"விளையாடாதீங்க மாமா!"

"யாரு விளையாடறது? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியுது. வயரிங் வேலையை வேற எதுக்கு விட்டேன்? கலர் மாத்தி மாட்டி ஒரு வீட்டையே இருட்டாக்கிட்டேன். உங்கம்மா இன்னும் சோம்பேறின்னு திட்டறா. போகட்டும், சொல்லிடாத."

அவளுக்குப் பள்ளியின் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. முதல் நாள் பயிற்சி. எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பட்டையைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, இது பச்சையா, இல்ல மஞ்சளா?" என்று சுருட்டை மெதுவாகக் கேட்டான். "கண்ணைக் கழட்டி வீட்டுல வச்சுட்டு வந்தியாடா?" என்று வகுப்பே சிரிக்கும்படி அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. காலையில் அவள் எழுதியதைப் பார்த்து மாலையிலும் ஏழு என்று எழுதியிருக்கிறான்.

அடுத்த மூன்று முறை டீச்சரும் இரண்டு மாணவிகளும் உடன் வந்தார்கள். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்கவில்லை. நாலு, நாலு, மூன்று. டீச்சர் உற்சாகமாகிவிட்டார். அறிக்கையை நகராட்சிக்கே அனுப்பலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி எழுதின அந்த ஏழு எல்லாத்தையும் மட்டும் எடுத்துடலாம்மா. பாவம், இல்லாத பையன். யாரும் ஒரு வார்த்தை தப்பா சொல்லிடக் கூடாது பாரு."

"எடுக்க வேண்டாம் மிஸ். எடுத்தா அவன் குறிச்ச நாலு பத்துங்கற நேரமும் சேர்ந்து போயிடும். அவன் என்ன செஞ்சான்னு அப்புறம் யாருக்குத் தெரியும்? ஏன் ஏழுன்னு நானே எழுதறேன்."

அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு 'நான் கற்றது' என்று தலைப்பு. மற்றவர்கள் அதில் நீரின் அவசியம் பற்றி எழுதியிருந்தார்கள். அவள் எழுதியதை வகுப்பில், பெற்றோர் வரிசைக்கு முன்னால் நின்று, குரல் பிசிறாமல் படித்தாள்.

"மாலை அளவுகளில் உள்ள பிழை என்னால் வந்தது. தம்பிக்குச் சில நிறங்கள் பிரித்துத் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். அவன் கேட்டபோது கேலி செய்தேன், அதனால் கேட்பதை நிறுத்தினான். பட்டையைச் சோதித்தோம், அட்டையைச் சோதித்தோம், பார்க்கிற கண்ணை நாங்கள் சோதிக்கவில்லை. நிறம் தெரியாதவன் நேரத்தைப் பார்த்து எழுதினான். அந்த நேரம் இல்லையென்றால் எங்களுக்கு விடை கிடைத்திருக்காது. இனி எந்த வேலையிலும், தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் முதலில் அதை எழுதிக்கொள்வேன்."

அம்மா இரண்டாவது வரிசையில் இருந்தாள். கேலி செய்த கதை அவளுக்கு அப்போதுதான் தெரியும். வாசல் தாண்டியதும் திட்டு விழும் என்று மகள் தயாராகவே நடந்தாள்.

தெரு முனையில் அம்மா நின்றாள். "ஒரு தடவை கேலி பண்ணினதுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்க. அவன் உன்னைப் பண்ணின கேலிக்கெல்லாம் கணக்குப் போட்டா எத்தனை நோட்டு வேணும் தெரியுமா?"

"அம்மா!"

"உன் குறட்டையை ரெக்கார்ட் பண்ணி உங்க மாமாவுக்கே அனுப்பினான், அந்தக் கழுதை."

"எப்போ? என்கிட்ட யாருமே சொல்லல!"

"நடந்துக்கிட்டே கேளு," என்று அம்மா அறிக்கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.