பஸ் மறிக்கும் சட்டம்

உதைபந்தாட்டத்துக்கு உலகத்தில் மொத்தம் இரண்டே சட்டங்கள்தான் உண்டு என்பது கொலின்ஸின் முடிந்த முடிபு. கோலியைத் தவிர வேறெவனும் பந்தைக் கையால் தொடக்கூடாது. எதிரியின் காலை உடைத்தால் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் ஓரத்தில் கிடத்தவேண்டும். மிச்சம் எல்லாம், விளையாடத் தெரியாதவர்கள் மத்தியஸ்தர்களாகி, பொழுது போகாமல் எழுதிச் சேர்த்தவை. இதை அவன் கண்டல்முனைக் கடற்கரையில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, பூசையில் சுவாமியார்கூடக் காட்டாத முகத்தோடு அறிவித்தான். அவனுக்கு வயது இருபத்துமூன்று. அலைமகன் விளையாட்டுக் கழகத்தின் முன்வரிசைக்காரன். முல்லைத்தீவுக் கரையில் தன்னுடைய இடது காலைப் பற்றிக் கேள்விப்படாத மீனே இல்லை என்பதும் அவனுடைய அறிவிப்புத்தான்.

மூன்றாவது சட்டம் தொண்ணூற்றுநாலாம் ஆண்டு மார்கழியில், நத்தார்க் கிண்ண இறுதியாட்டத்தில் வந்து விழுந்தது.

உதயதாரகைக் கழகத்தோடு ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஐந்து நிமிடம் மிச்சம். நெருக்கடியில் பின்னுக்கு ஓடிவந்த கொலின்ஸ் பந்தை மெல்லத் தட்டித் தன் கோலியிடம் கொடுத்தான். கோலி மெல்ரொன் அவனுடைய பெரியம்மாவின் மகன். அவன் குனிந்து, பாலன் குடிலில் குழந்தை யேசுவைத் தூக்குகிற பக்குவத்தோடு பந்தைக் கையில் எடுத்தான். எடுத்ததுதான் தாமதம், விசில் ஊதியது.

ஊதியவர் முத்துலிங்கம். கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞர். முப்பத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, தூண்டில் நைலோனால் காதோடு கட்டிய மூக்குக்கண்ணாடி. ஊதிவிட்டு வலது கையை நேரே வானத்துக்கு உயர்த்தியபடி நின்றார்.

"என்னண்ணை, பௌலோ? ஆர் ஆருக்கு அடிச்சது?" என்றான் கொலின்ஸ்.

"ஒருத்தரும் ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. சொந்த ஆள் வேணுமெண்டு காலால குடுத்த பந்தை கோலி கையால எடுக்கக்கூடாது. அவைக்கு இன்டிரெக்ட் பிறீ கிக்."

"அதுக்குக் கை ஏன் மேல?"

"நேரா அடிச்சாக் கோல் இல்லை. ரெண்டாவது ஆளிலயும் பந்து படவேணும். அதுவரைக்கும் கை மேலதான்."

கொலின்ஸ் சனத்தைத் திரும்பிப் பார்த்தான். சனம் முழுக்க அவனுடைய சனம்.

"ஐயா கையைக் காட்டி பஸ் மறிக்கிறார்! முல்லைத்தீவு பஸ் நிண்டு அஞ்சு வருசமெண்டு ஆராவது அவருக்குச் சொல்லுங்கோ!"

கரையே சிரித்தது. மெல்ரொனும் சிரித்தான். அவன் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் உதயதாரகையில் ஒருவன் பந்தைத் தட்டினான், மற்றவன் அடித்தான். கோல் விழுந்தபின்பும் கொஞ்சப் பேர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒன்றுக்குப் பூச்சியம். ஆட்டம் முடிந்ததும் கொலின்ஸ் நேரே போய், முத்துலிங்கத்தின் கழுத்திலிருந்த விசிலை நூலோடு பறித்துக் கடலில் எறிந்தான். அந்தக் கரைக்கு இருந்தது அந்த ஒரு விசில்தான். ஊரே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒரு மணித்தியாலம் தேடி எடுத்தது. அன்றிலிருந்து அது சளி பிடித்த மாதிரித்தான் ஊதியது.

விளையாட்டுக் குழுத் தலைவர் யாக்கோப்புச் சம்மாட்டி தீர்ப்புச் சொன்னார். கொலின்ஸுக்கு ஒரு வருடத் தடை. சனத்துக்கு முன்னால் முத்துலிங்கத்திடம் மன்னிப்புக் கேட்டால் தடை இல்லை.

பங்குனியில் சூசையப்பர் திருநாள் கிண்ணம். பதினாறு வயதிலிருந்து கொலின்ஸ் அதில் விளையாடுகிறான். மூன்று முறை இறுதியாட்டத்தில் தோற்றிருக்கிறான். அந்தக் கிண்ணத்தைத் தூக்காமல் கலியாணம் இல்லையென்று தாய் சூசையம்மாவிடம் சொல்லியும் வைத்திருந்தான். அப்படியிருந்தும் அவன் சொன்னது இது:

"இல்லாத சட்டத்துக்கு என்ன மன்னிப்பு? வவுனியாவுக்குப் போய்ப் புத்தகத்தைக் கொண்டாறன். அதில இப்பிடியொரு சட்டம் இல்லையெண்டு அவற்ர முகத்துக்கு நேர வாசிக்கிறன்."

ஊர் நம்பியது. இரண்டு மாதத்தில், முத்துலிங்கம் அந்தச் சட்டத்தைக் கடைக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் தானே எழுதினார் என்பதுவரை கதை வளர்ந்துவிட்டது. கோல் போட்ட உதயதாரகைக்காரரே அதைத் தங்கள் அதிர்ஷ்டமென்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

யுத்தத்துக்கு நடுவில் பேச்சுவார்த்தைக் காலம்; வெடிச்சத்தம் நின்றிருந்தது. மாசி கடைசியில் எல்லை தாண்டிப் போகப் பாஸ் கிடைத்ததும் கொலின்ஸ் சைக்கிளில் புறப்பட்டான். இரண்டு நாள் மிதித்தான். வழியில் மூன்று முறை ரியூப் வெடித்தது. மூன்றாம் முறை வைக்கோல் திணித்து ஓடினான். வவுனியாவில், மத்தியஸ்தர் சங்கத்தின் புத்தகம் பூட்டிக்கிடந்த அலுமாரியின் திறப்பு தயாளினி என்ற விளையாட்டு ஆசிரியையிடம் இருந்தது.

"ஒரே ஒரு தமிழ்ப் பிரதிதான் இருக்கு. தரமாட்டன். இதிலயே இருந்து பாருங்கோ" என்று சொல்லிப் பாடசாலை வாங்கைக் காட்டினாள்.

ரோணியோவில் அடித்த மங்கிய தாள்கள். பன்னிரண்டாம் சட்டத்தில், இரண்டாம் பக்கத்தில், அது இருந்தது. முத்துலிங்கம் சொன்ன அதே சொற்கள்.

"ரீச்சர், இது எப்ப வந்தது?"

"தொண்ணூற்றிரண்டில."

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"உங்களுக்குச் சொல்லவேணுமெண்டு அவைக்கும் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம்."

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் சைக்கிளைத் திருப்பியிருப்பான். கொலின்ஸ் விடவில்லை. ஒரு சட்டத்தை இன்னொரு சட்டம் வெட்டும், எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கும் என்று நினைத்தான். வலையில் ஓட்டை தேடிப் பழகிய கண். ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி முதலாம் சட்டத்திலிருந்து எழுதத் தொடங்கினான். தள்ளினால் எந்த உதை, பிடித்தால் எந்த உதை, எது நேராக அடிக்கலாம், எது அடிக்கக்கூடாது, எதிரி எவ்வளவு தூரம் தள்ளி நிற்கவேண்டும், எல்லாம் எழுதினான். படங்களையும் கீறினான். மூன்றாம் நாள் பின்னேரம் பதினேழு சட்டங்களும் முடிந்தன. ஓட்டை இல்லை. ஓட்டை தேடிய புண்ணியத்தில், அவை அத்தனையும் பாடமாகியிருந்தன.

திரும்பும்போது சோதனைச்சாவடியில் கொப்பியைப் பிரித்த சிப்பாய் வட்டங்களையும் பெட்டிகளையும் அம்புக்குறிகளையும் கண்டான். கையை உயர்த்தி நிற்கும் மனிதனின் படத்தில் விரலை வைத்து, இது யாருக்குக் காட்டும் சைகை என்று சிங்களத்தில் கேட்டான். கொலின்ஸின் கைகள் தாமாகவே மேலே போயின. ஆனால் அது இரண்டு கை. அதற்கு வேறு சட்டம். உதைபந்து என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் பிடித்தது.

திருநாளுக்கு மூன்று நாள் இருக்க, கூட்டுறவுக் கடையில் போய் நின்றான்.

"அண்ணை, சட்டம் இருக்கு."

"தெரியும்" என்றார் முத்துலிங்கம், பங்கீட்டு அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆனா சனத்துக்கு முன்னால மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வராது."

முத்துலிங்கம் பேனையை வைத்துவிட்டு முழங்காலைத் தடவினார். "ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரெண்டு மச். காலமை அரையிறுதி, பின்னேரம் இறுதி. இந்தக் கால் ரெண்டுக்கு ஓடாது. காலமையை நீர் ஊதும். நான் யாக்கோப்பரோட கதைக்கிறன்."

யாக்கோப்புச் சம்மாட்டி முதலில் துள்ளினார். "நரியைக் கோழிக்கூட்டுக்குக் காவல் விடச் சொல்லுறியோ?" பிறகு யோசித்தார். "சரி. விசிலை எறிஞ்சவன் சனத்துக்கு முன்னால விசிலை ஊதட்டும். அதுவே மன்னிப்பு. முழு மச்சையும் ஊதி முடிச்சானெண்டா பின்னேரம் விளையாடலாம்."

அலைமகன் ஏற்கெனவே இறுதியாட்டத்துக்குள் நுழைந்திருந்தது. காலை ஆட்டத்தில் உதயதாரகையை எதிர்த்து நின்றது, உள்ளே குளத்தடிக் குடியேற்றத்திலிருந்து வந்த அணி. மலைநாட்டிலிருந்து வந்து வயல் செய்யும் குடும்பங்களின் பெடியள், பாதிப் பேர் வெறுங்கால். அவர்கள் வென்றால் பின்னேரம் கிண்ணம் அலைமகனுக்கு என்பதை ஆடுகூடச் சொல்லும்.

"டேய், குளத்தடியைப் பாத்துக்கொள்" என்றான் மெல்ரொன், முத்துலிங்கம் கொடுத்தனுப்பிய விசிலைக் கொடுக்கும்போதே.

ஆனால் குளத்தடியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கோலி மூக்கன் உதயதாரகையின் அடியெல்லாம் நெஞ்சால் தடுத்தான். கடைசி மூன்று நிமிடம், கோல் இல்லை. கோல் இல்லாமல் முடிந்தால் பெனால்டி. பெனால்டியில் மூக்கனை மீறுவது லேசில்லை.

அப்போதுதான் குளத்தடியின் பின்வரிசைக்காரன் ஒருவன், துரத்தல் தாங்காமல், பந்தை மூக்கனிடம் தட்டிவிட்டான். மூக்கன் குனிந்து அதைக் கையில் எடுத்தான்.

ஒருவரும் சத்தம் போடவில்லை. உதயதாரகைக்காரர் பந்துக்காகத் திரும்பி ஓடத் தொடங்கியிருந்தார்கள். முத்துலிங்கம் வீட்டில் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அப்படியொரு சட்டமே இல்லையென்று அந்தக் கரைக்குச் சொல்லிவைத்தவன் கொலின்ஸ். இருக்கிறதென்று அந்தத் திடலில் அறிந்திருந்தவனும் அவன் ஒருவன்தான். விசில் வாயில் இருந்தது. ஊதாமல் விட்டால் போதும். வேறொன்றும் செய்யத் தேவையில்லை.

சளி பிடித்த விசில் நீளமாக ஊதியது.

மூக்கன் பந்தை அணைத்தபடி நின்றான். "என்னாங்கண்ணே? நான் என்னா பண்ணேன்?"

"உங்கட ஆள் காலால தந்த பந்து. கையால எடுக்கக்கூடாது."

"எப்பவும் இப்புடித்தானுங்களே எடுப்போம்."

"தெரியும். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பந்தை வையும்."

மூக்கன் மணலில் பந்தை வைத்தான். குளத்தடிக்காரர் பதினொருவரும் கோல் கோட்டுக்கு ஓடினார்கள். கொலின்ஸ் அவர்களைச் சரிபார்த்தான். இரண்டடி பின்னே வந்தான். வலது கையை நேரே வானத்துக்கு உயர்த்தினான்.

சனத்துக்குள்ளிருந்து மெல்ரொனின் குரல் வந்தது.

"டேய் கொலின்ஸ்! பஸ் மறிக்கிறியோடா?"

கரை சிரித்தது. நத்தாருக்குச் சிரித்த அதே சிரிப்பு. கொலின்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. உதயதாரகையின் இருவர் பந்தடியில் குசுகுசுத்துக்கொண்டு நேரம் எடுத்தார்கள். தோள்மூட்டு நொந்தது. ஒருவன் தட்டினான். கை மேலேயே இருந்தது. மற்றவனுடைய காலில் பந்து பட்டது.

அதன் பிறகுதான் இறக்கினான்.