எரிச்சலுக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்துப் பயணத்தில் கிடைத்தது. சொன்னவர் தன் பெயரை மட்டும் மறைத்துவிடச் சொன்னார். ஆல்வின் என்று வைத்துக்கொண்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தோலின் தரம் பார்ப்பவன். வீடு வேலூர் சத்துவாச்சாரியில். மனைவி பெர்சிஸ் பள்ளி ஆசிரியை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'ஆல்வினுக்குச் சில நாட்களாக உடம்பு ஒரு மாதிரி...'

(ஒரு மாதிரி என்றால்? சிறுநீர் போகும்போது எரிச்சல். ஜட்டியில் மஞ்சள் கறை. சிறுநீர்க்குழாய் அழற்சி. எழுத எனக்கே கை கூசியது.)

2

காரணம் புதுச் சோப்பு என்று முதலில் எழுதினேன். சோப்பு ஒத்துக்கொள்ளாமலும் அங்கே எரிவதுண்டு, பொய்யில்லை. ஆனால் இவனுக்கு அதனால் வரவில்லை. தோல் பார்க்கக் கான்பூர் போனவன், தங்கியிருந்த லாட்ஜில் ஒரு பெண்ணோடு

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எப்படி முடித்தாலும் அவனுக்குச் சாதகமாகவே வந்து நிற்கிறது.]

ஐந்தாம் நாள் எரிச்சல் தொடங்கியது. அதற்குள் வீடு திரும்பி மனைவியோடும் சேர்ந்திருந்தான்.

3

வேலூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர்கள் சர்ச் சபையைச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தராவது இருப்பார். அதனால் தள்ளியிருந்த கலவை என்ற சிற்றூருக்குப் போனான். டாக்டர் ரஃபத் ஜஹான் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, உடலுறவால் வந்த தொற்று என்றார். ஓர் ஊசி, ஏழு நாள் மாத்திரை. எரிச்சல் நின்றாலும் நடுவில் நிறுத்தக்கூடாது, முழுக்கக் குணமாகும்வரை மனைவியோடு சேரக்கூடாது. ஆல்வின் மேசை விளிம்பைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"ஒய்ஃபையும் கூட்டிட்டு வாங்க. லேடீஸுக்கு வெளிய தெரியாமலே உள்ள இருக்கும். அப்படியே விட்டா கர்ப்பப்பை வரைக்கும் போய்டும்."

4

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் சட்டைப் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு பெர்சிஸ் கேட்டாள். யூரின் போனால் எரிகிறது என்றான். அவள் குரல் தாழ்ந்தது.

"எனக்கும் எரியுதுங்க. சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஸ்கூல் பாத்ரூம் ரொம்ப மோசம். என்கிட்ட இருந்துதான் உங்களுக்கு வந்துடுச்சோ?"

(நான் எழுதிய இரண்டாம் படியில் ஆல்வின் 'இருக்கும்' என்று சொல்லிவிடுகிறான். கதையும் வசதியாக முடிந்துவிடுகிறது. அந்தத் தாளை இரண்டு நாள் கிழிக்காமல் வைத்திருந்தேன்.)

நடந்தது வேறு. தப்புச் செய்தவள்போல் நின்றவளைப் பார்க்க முடியாமல் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாத்ரூம்ல இருந்து வரல பெர்சி. கான்பூர்ல இருந்து வந்துச்சு. நான்தான் கொண்டாந்தேன்."

5

மறுநாள் இருவரும் கலவைக்குப் போனார்கள். பேருந்தில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். பரிசோதித்து அவளுக்கும் மருந்து கொடுத்தார்கள். இருவருக்கும் நோய் குணமாயிற்று.

பெர்சிஸ் என்ன சொன்னாள் என்று கேட்டதற்குக் கதை சொன்னவர் பதில் சொல்லவில்லை. நானே மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் மன்னித்துவிடுகிறாள். நானும் ஆண்தானே, மன்னிப்பு அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் பேச வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் எழுதுங்கள். அவனைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.