கண்டக்டரக்கா உட்கார்ந்த பக்கம்

"முடியாது" என்ற பதில் வரும்போதெல்லாம் கண்டக்டரக்காவின் எடை கூடியது. உடம்பு என்னவோ இளைத்துக்கொண்டுதான் போனது. சீருடைச் சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது, கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் எடை மெஷினில் ஏறி நின்றால், முள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நடுங்கிக்கொண்டு நின்றது. நர்ஸ் முதலில் மெஷினைத் திட்டினாள், பிறகு அதை வாங்கிப் போட்டவர்களைத் திட்டினாள். கடைசியில் கிடங்கிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசை வரவழைத்தார்கள். அதுவும் உடைந்த பிறகு, எடை என்ற இடத்தில் 'அதிகம்' என்று மட்டும் எழுதுவது வழக்கமாயிற்று.

அவள் வேலை பார்த்தது மலைப்பாதை பஸ்ஸில். ஓட்டியது அவள் கணவர். இரண்டு விசில் அடித்தால் கிளம்பு, ஒரு விசில் அடித்தால் நிறுத்து. இந்தச் சட்டம் வீட்டிலும் அமலில் இருந்ததென்றும், அவள் விசில் கேட்காமல் மனுஷன் தட்டில் கை வைப்பதில்லையென்றும் டிப்போவில் கேலி பேசுவார்கள். கருப்பைவாயில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவளுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் அடங்கியது, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தது. இனி இங்கே கொடுக்க ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. அவர் எதையும் மூடி மறைக்கிற ஆளில்லை, ஆகவே இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். கடல் தாண்டிய பணக்கார நாடுகளில் இதற்கென்று ஒரு புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே தடுப்பூசி போட்டு, முன்கூட்டியே சோதித்து நோயை ஏறக்குறைய விரட்டிவிட்டதால் பரிசோதனைக்குப் பெண்கள் போதவில்லை, வேலை இழுத்துக்கொண்டே போகிறது. இங்கேயோ வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. கண்டக்டரக்காவுக்கு விஷயம் உடனே பிடிபட்டது. அங்கே வண்டி காலியாக ஓடுகிறது, இங்கே ஸ்டாப்பில் கூட்டம் நெரிகிறது.

டாக்டரம்மா மருந்துக் கம்பெனியிடம் கேட்டுப் பார்த்தார். உங்கள் ஊரில் கரண்ட் நிலையாக இருக்காது, மருந்து கெட்டுவிடும் என்றார்கள். கண்டக்டரக்கா உட்கார்ந்திருந்த நாற்காலி உடைந்தது. உங்கள் பெண்களுக்கு எதற்குச் சம்மதிக்கிறோம் என்றே புரியாது என்றார்கள். அவள் வீட்டுத் தரை விரிசல் விட்டது. உங்கள் பெண்கள் சொன்ன தேதிக்குத் திரும்பி வரமாட்டார்கள் என்றார்கள். இதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மழையென்றும் மண்சரிவென்றும் பாராமல் காலமெல்லாம் ஒரே பாதையில் குறித்த நேரத்துக்குப் போய் வந்தவள் அவள். அன்று அவள் ஏறியவுடன் பஸ்ஸின் பின்பக்க டயர்கள் வெடித்தன. அதற்குப் பிறகு டிப்போவில் அவளை வண்டியில் ஏற்றவில்லை.

பரிசோதனையில் சேரவேண்டும் என்ற அவளுடைய ஆசையே கணவருக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்ட தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்.

"நம்மள எலி மாதிரி வச்சுப் பாப்பாங்க. அது உனக்கு வேணுமா?"

"இப்ப மட்டும் என்னவாம்? அங்க இருக்கிறவங்களுக்குக் கொடுத்துப் பாத்த மருந்து, வருஷக்கணக்கா கழிச்சு நம்ம கைக்கு வருது. நம்ம உடம்புக்கு ஒத்துக்குமான்னு அப்பவும் யாருக்கும் தெரியாது. கேட்டு, புரிஞ்சு, சரின்னு சொல்லிட்டுப் போறவ எலி இல்ல. ஒரு வார்த்தை கேக்காம சாக விடுறாங்களே, அதுதான் எலிக்கு நடக்கிறது."

மறுநாள் அவர் லீவு சொல்லிவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு லாரியை இரவல் வாங்கி வந்தார். வேறு எந்த வண்டியும் அவளைத் தாங்காது.

மலைப்பாதையில் பஸ்ஸின் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் கண்டக்டர்கள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. யாரையும் இறங்கித் தள்ளச் சொல்வதில்லை. எல்லோரையும் ஒரே பக்கத்து சீட்டுகளுக்கு நகர்த்துவார்கள். வண்டி அந்தப் பக்கம் சாயும், மாட்டிய சக்கரம் மேலே எழும்பிக்கொள்ளும். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்கள் கிடைத்த இடத்தில் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் 'முடியாது' கேட்டவர்கள்தான். ஒவ்வொருத்தியும் தன் பங்குக்குக் கனத்துப் போயிருந்தாள், அதை வியாதியின் அசதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டரக்கா நடுவில் நின்று, பஸ்ஸில் கூட்டத்தை அதட்டுகிற அதே குரலை எடுத்தாள்.

"எல்லாரும் கடலைப் பாத்தாப்ல இருக்கிற பெஞ்சுக்கு வாங்க. இடம் இருக்கு, நெருங்கி உக்காருங்க. மருந்து வர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது."

முதலில் வராந்தா சாய்ந்தது. சக்கர நாற்காலிகள் தாமாகவே உருண்டு அவர்கள் காலடியில் வந்து நின்றன. அடுத்து ஊர் சாய்ந்தது. காய்கறிக்காரர் வரும்போது தள்ளுவண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மட்டும் வந்தார், போகும்போது ஏற்றத்தைத் திட்டிக்கொண்டே போனார். மின்சாரமும் பள்ளத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்ததால் கரண்ட் போவது அடியோடு நின்றது. ஆஸ்பத்திரி நிர்வாகம் ஆள் வைத்துப் பெஞ்சைத் தூக்கப் பார்த்தது. தூக்க வந்தவர்களில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள, அவரையும் அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். மாதங்கள் போயின. எழுந்து போகிறவளின் கனம் அவளோடு போய்விடும் என்பதும், உட்கார்ந்தபடியே இறந்தவளின் கனம் அந்த இடத்திலேயே தங்கிவிடும் என்பதும் அப்போதுதான் தெரிய வந்தன. சிலர் உட்கார்ந்தபடியே இறந்தார்கள். அந்த இடங்களில் புதிதாக வந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம், கம்பெனியின் கண்ணாடிக் கட்டடத்தில் பேனாக்கள் மேஜையை விட்டு உருண்டன. கோப்பையில் காபி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அஸ்திவாரத்தைச் சோதித்தார்கள், குறை ஒன்றும் இல்லை. பிறகு மருந்துப் பெட்டிகள் கிடங்கை விட்டுச் சறுக்கி, துறைமுகத்தை அடைந்து, இஞ்சின் போடாத ஒரு கப்பலில் கடலைக் கடந்தன. பின்னாலேயே கம்பெனியின் பெரிய அதிகாரியும் வந்து சேர்ந்தார். தன் அலுவலகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஆறிய காபியைக் கையில் பிடித்தபடியே, வராந்தாவில் நுழைந்து கண்டக்டரக்காவின் முழங்காலில் இடித்து நின்றார். பரிசோதனையை இங்கேயும் நடத்துகிறோம், தயவுசெய்து எழுந்திருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

"மொதல்ல இதைக் கேளுங்க. என்ன மருந்து, என்ன ஆபத்து, வேண்டாம்னா எப்ப விலகிக்கலாம், எல்லாத்தையும் எங்களுக்குப் புரியுற பேச்சுல சொல்லணும். மருந்து நல்லதுன்னு முடிவானா, இந்த ஊர்க் கடையிலயும் நாங்க வாங்க முடியுற விலைக்கு அது இருக்கணும். எங்க உடம்புல பாத்துட்டு வேற ஊர்ல போய் விக்கக் கூடாது."

அதிகாரி தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். அது கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஏற்றமாக இருந்தது. ஒப்புக்கொண்டார்.

யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய சிகிச்சை மட்டும் என்பதைக் குலுக்கல் போலக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும், புது மருந்து பலன் தராமலும் போகலாம் என்பதையெல்லாம் டாக்டரம்மா விளக்கினார். பெண்கள் கேட்ட கேள்விகளில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ரத்தம் எடுத்துப் பார்த்து, சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்ட ஒவ்வொருத்தியும் பெஞ்சிலிருந்து லேசாகி எழுந்தாள். அவள் எழ எழ, தரையும் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. மருந்துப் பெட்டிகள் மெல்லக் கடல் பக்கம் திரும்பி நகரத் தொடங்கின. இதைக் கண்டக்டரக்கா மட்டும் கவனித்தாள்.

அவளுடைய முறை வந்தபோது டாக்டரம்மா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். காத்திருந்த மாதங்களில் நோய் பரவி, சிறுநீர் போகும் வழியை அடைத்து, சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டிருந்தது.

"உங்கள இதுல சேர்க்க முடியாதுக்கா. மருந்தே உங்களக் கொன்னுடும்."

அவள் கேட்டதிலேயே நியாயமான 'முடியாது' அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ அது எல்லாவற்றையும்விடக் கனத்தது. பெஞ்சின் கால்கள் தரைக்குள் இறங்கின. கண்டக்டரக்கா அழுதாள். இந்த ஆள் கொஞ்ச காலம் முன்னால் உருண்டு வந்திருக்கக் கூடாதா என்று சுழல் நாற்காலிக்காரரை வாய்விட்டே திட்டினாள். திட்டி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பெட்டிகள் நகர்வது நின்றிருந்தது. உள்ளே படுக்கை போட்டிருப்பதாகவும், வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதாகவும் டாக்டரம்மா கெஞ்சினார்.

"வலிக்கு இங்கயே குடுங்க டாக்டர். நான் எந்திரிச்சா எல்லாம் திரும்பி உருண்டு போயிடும். சீட்டுல இருக்கிறவங்க போய்ச் சேராம கண்டக்டர் எறங்குறதில்ல."

அங்கேயே இருந்தாள். வேலை முடிந்து வந்த கணவர் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, பாதையில் எந்த வளைவில் மண் சரிந்தது, யார் சில்லறை கேட்டுச் சண்டை போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு மத்தியானம் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் போய்ச் சேர்ந்தாள். அவர் ஒற்றை ஆளாக அவளைத் தூக்கினார். இளைத்த உடம்பு, அதற்குரிய எடைதான் இருந்தது. வராந்தாவில் இருந்த எல்லோரும் மருந்துப் பெட்டிகளையே பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. அவர் அவளுடைய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். உள்ளே வார்டில் நர்ஸ் முதல் பெண்ணுக்கு மருந்து இறங்கும் குழாயைத் திறந்துவிட்டாள்.

அந்தப் பெண்களில் பலர் எதிர்பார்த்ததைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள், சிலர் வாழவில்லை. மருந்து இன்று தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. வேறு நோய்களுக்கான பரிசோதனைகளும் இப்போது தாமாகவே உருண்டு வருகின்றன. அந்த ஊரில் தச்சர்கள் மேஜையின் இரண்டு கால்களைக் கூடுதல் நீளமாகச் செய்கிறார்கள், டீக்கடையில் தம்ளரை ஒரு பக்கம் குறைத்து ஊற்றுகிறார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மற்ற ஊர்களின் தரைதான் கோணலாகத் தெரிகிறது. போன வருடம் ஊரைச் சமன்படுத்தித் தருகிறோம் என்று பொறியாளர்கள் கருவிகளோடு வந்து இறங்கினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற டிரைவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஒரே ஒரு முறை ஊதினார். அவர்கள் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க ஏற்றத்தில் திரும்பிப் போனார்கள்.